இரும்புக்குள்ளே ஓர் ஊர்

லூர்துசெல்விக்கு இரண்டு ஊர். ஒன்று அவள் வாக்கப்பட்டு வந்த முத்தியால்பேட்டை. இன்னொன்று இரும்புக்குள்ளே இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அவள் புருஷன் தனிஸ்லாஸே வருஷக்கணக்காகச் சிரித்தவன்தான். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் நடந்து வரும்போது பார்வை எங்கேயோ போயிருந்தால் போதும், வெல்டிங் பட்டறை வாசலில் நின்றபடியே, "என்னா செல்வி, உங்க ஊருக்குப் போயிட்டு வந்துட்டியா? அங்க மழ பேஞ்சிச்சா?" என்பான். "பேஞ்சிச்சு, பேஞ்சிச்சு. உங்களுக்குத்தான் பாக்கக் குடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டு அவள் உலை வைக்கப் போய்விடுவாள்.

அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்த சொல்தா. வீட்டில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனாலும் மகளின் படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. காரணம் வேறென்ன, பராக்குப் பார்க்கிற புத்திதான். கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பார். இவள் அந்தப் பலகையில் விழுந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெடிப்பு ஆறாகும், ஆற்றில் ஓடம் போகும், பரீட்சையில் முட்டை வரும். சரி, லேஸ் பின்னவாவது கற்றுக்கொள்ளட்டும் என்று கன்னியாஸ்திரீகளிடம் அனுப்பினார்கள். அங்கே விரல் நிதானப்பட்டது. பராக்கு போகவில்லை. அது போகிற சாமானா?

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், 1977இல், காலாப்பட்டு ரோட்டில் இருந்த ஒரு பாலிடெக்னிக்கில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. உலோகம் சோதிக்கிற கூடம். கொடுக்கிற இரும்புத் துண்டை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் நைசு, பிறகு அதைவிட நைசு. தாள் மாற்றும்போதெல்லாம் துண்டைக் குறுக்கே திருப்பிப் பிடிக்கணும், அப்போதுதான் பழைய கீறல் போனதா இல்லையா என்று தெரியும். கடைசியில் சுழல்கிற வெல்வெட் துணி. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்ததும் ஆசிட் கலந்த ஸ்பிரிட்டில் ஒரு முக்கு முக்கினால் பளபளப்பு லேசாக மங்கும். எடுத்துக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டியதுதான். லேஸ் பின்னின கைக்கு இது ஒரு வேலையா? வெண்ணெயாக வந்தது.

அந்தக் கூடத்துக்குப் பொறுப்பு தெய்வசிகாமணி சார். அவர்தான் ஒருநாள், "தேய்க்கிறது பூரா நீ. பாக்கிறது மட்டும் நாங்களா? நீயும் ஒரு தடவ பாரும்மா" என்றார்.

குனிந்து கண்ணை வைத்தாள். ஐயோ, மாதாவே! வெள்ளை வெள்ளையாக வயல்கள். நடுவே கறுப்புக் கறுப்பாக வரப்புகள். ஒரு வயல் மாதிரி இன்னொன்று இல்லை. ஆள் இல்லை, மாடு இல்லை, காற்றுச் சத்தம்கூட இல்லை. விளிம்பைத் தாண்டியும் அது போய்க்கொண்டே இருந்தது.

"சார், இங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள்.

சார் சிரிக்கவில்லை. அந்த மனுஷனிடம் அது ஒரு நல்ல குணம். "அதெல்லாம் மணிம்மா. இரும்பு உருகி ஆறும்போது மணி மணியா உறையும். கறுப்பா தெரியுதே, அது ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் எல்லை. மெதுவா ஆறினா மணி பெருசா வளரும். வேகமா ஆறினா சின்னதாவே நின்னுடும். ரொம்ப வெடுக்குனு ஆறிடுச்சுன்னா சில இரும்புல மணியே இருக்காது, ஊசி ஊசியா நிக்கும். அப்பிடி ஆனா அது ஒடைஞ்சு போற இரும்பு" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். எந்தத் துண்டு வந்தாலும் சார் பார்த்து முடித்ததும் இவள் ஒரு முறை உள்ளே போய்விட்டு வருவாள். வரப்புமேல் நடப்பாள். ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் தாண்டுவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால், வெளியே தென்னந்தோப்பும் கடலும் ஓடும். இவள் கண்ணுக்குள் வெள்ளை வயல் ஓடும். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அஜந்தா தியேட்டர்வரை போய்த் திரும்பி நடந்து வந்த நாளும் உண்டு.

சாருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. வெளிநாட்டுச் சஞ்சிகையில் ஒரு படம் பார்த்திருந்தார். லேசர் என்கிற வெளிச்சத்தைப் பாய்ச்சி உலோகத்தூளை உருக்கி, பூச்சுமேல் பூச்சாகப் போட்டு, தேய்ந்துபோன இயந்திரத்துக்குச் சதை வளர்க்கிறார்களாம். அதைச் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். "வெளிச்சத்த வேகமா நகத்தினா உள்ள மணி பொடிப்பொடியா வரும். நிதானமா நகத்தினா நீண்டு வளரும். ஒரே தெசையில பூச்சுமேல பூச்சு போட்டா, மேல வர்ற மணி கீழ இருக்கிற மணியப் புடிச்சுக்கிட்டே வளந்து, அத்தன பூச்சையும் தாண்டி நெட்டுக்கு நிக்கும். வெடிப்பு விழுந்தா நேரா கீழ எறங்கிடும். தெசைய மாத்தி மாத்திப் போட்டா அந்த வழி அடைபட்டுப் போவும். வெளிச்சத்த வச்சுக்கிட்டு இரும்புக்குள்ள வயல் வெட்டுறாம்மா! நம்ம காலேஜிலயும் ஒண்ணு வாங்கிப் போட்டுடணும்" என்பார். மழை பெய்தால் மைக்ராஸ்கோப்புக்குக் குடை பிடிக்கிற காலேஜ் அது!

செல்விக்கு அந்த வெளிச்சம் மனசில் ஒட்டிக்கொண்டது. கடல்மேல் ஒரு வெளிச்சம் தனியாக நடந்து போவது போலவும், அது போன தடத்தில் வயல் வயலாக உறைந்துகொண்டே வருவது போலவும் கனவு கண்டாள். காலையில் புருஷனிடம் சொன்னாள். அவன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "நான் ராடு பிடிக்கிறப்ப வர்றதும் வெளிச்சந்தானே செல்வி? நானும் பூச்சுமேல பூச்சுதானே போடறேன்?" என்றான்.

அடேயப்பா, சரியாகத்தான் பிடித்தான். தனிஸ்லாஸ் மில் ஒர்க்ஷாப்பில் இருந்து வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டவன். ஒரு வெல்டிங் செட், ஒரு பழைய லேத்து. தேய்ந்த ஷாப்ட் வந்தால், தேய்ந்த இடத்தில் ராடை உருக்கிப் பூச்சு பூச்சாக வளர்த்து, ஆற வைத்து, லேத்தில் ஓட்டி அளவுக்குக் கொண்டுவருவான். செல்வி அவனிடம் ஒரு துண்டு வாங்கிப் போய்த் தேய்த்துப் பார்த்தாள். சார் சொன்னது அப்படியே இருந்தது, மணியெல்லாம் பூச்சைத் தாண்டித் தாண்டி நெட்டுக்கு வளர்ந்து. வந்து சொன்னதிலிருந்து அவன் ஒரு பூச்சைச் சுற்றிப் போடுவான், அடுத்ததை நீளவாக்கில் போடுவான். முடிந்ததும் மெதுவாக ஆறட்டும் என்று சுடுமணலில் புதைத்துவிடுவான், மறுநாள்தான் வெளியே எடுப்பான். அவன் கை பட்ட ஷாப்ட் உழைத்தது. விசைப்படகு வைத்திருந்தவர்கள் குப்பம் குப்பமாகத் தேடி வந்தார்கள். "எல்லாம் உன் பூதக்கண்ணாடி செஞ்ச புண்ணியம்" என்று அவனே நாலு பேர் எதிரில் சொல்வான். அவளுக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவாது.

1986 மாசியில் பிள்ளைச்சாவடி பக்கிரி தன் படகின் ஷாப்ட்டை, எஞ்சினிலிருந்து அடி விசிறியைச் சுற்றுகிற தண்டைக் கொண்டுவந்தான். பேரிங் உட்காருகிற கழுத்து தேய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தனிஸ்லாஸ் அதற்குப் பூச்சுப் போட்டான். செல்வி சோற்றுத்தூக்கோடு பட்டறைக்குப் போனபோது வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. சிவப்பு அடங்கி இரும்பு கறுத்துக் கிடந்தது. அவன் சுடுமணல் அள்ளப் பின்பக்கம் போயிருந்தான்.

பக்கிரியின் அம்மா குஞ்சம்மாளும் இளைய மகன் அம்மாவாசையும் வந்திருந்தார்கள். அம்மாவாசைக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதனால் அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் சுத்தபத்தமாகச் செய்துவிட வேண்டுமென்று ஒரு பரபரப்பு. புது வலையானாலும் சரி, புதுத் துடுப்பானாலும் சரி, மஞ்சள்தண்ணி ஊற்றாமல் அவர்கள் வீட்டில் கடலுக்கு எதுவும் போகாது. இடுப்பில் இடுக்கி வந்த சொம்பை எடுத்தாள், வேப்பிலையால் கலக்கினாள், மாரியாத்தா பேரைச் சொல்லி ஷாப்ட்டின் கழுத்தில் நிதானமாக ஊற்றினாள். சொய்யென்று ஆவி எழுந்து பட்டறை பூரா மஞ்சள் வாசனை.

தனிஸ்லாஸ் ஓடி வந்தான். "யம்மா, யம்மா, தள்ளி நில்லு! கொதிக்குது அது, கை வெந்துடப் போவுது!" அவள் கையைத்தான் பார்த்தான். விரல் சுடவில்லை என்றதும் சிரித்துவிட்டு ஷாப்ட்டை மணலில் புதைத்தான். அம்மாவாசை, "எங்கம்மா எமனுக்கே மஞ்சத்தண்ணி ஊத்தும்ணே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த மாசம் முடிவதற்குள் ஷாப்ட் முறிந்துபோனது. கரை திரும்பும்போது, ஆற்று முகத்துவாரத்தில், அலை உடைகிற இடத்திலா முறிய வேண்டும்! எஞ்சின் சும்மா சுற்ற, படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்தது. பக்கிரியும் மற்றவர்களும் நீந்திக் கரையேறினார்கள். அம்மாவாசை ஏறவில்லை. அவனைக் காலாப்பட்டுக் கரையில்தான் கண்டெடுத்தார்கள்.

காரியம் முடிந்ததும் பக்கிரி வந்தான். சத்தம் போடவில்லை. படகிலேயே தங்கிப்போன ஷாப்ட்டின் முறிந்த துண்டைப் பட்டறை வாசலில் போட்டான். "ஞாயித்துக்கெழம ஊர்ப் பஞ்சாயத்து. வந்து பதில் சொல்லு. வேல தப்புன்னு முடிவாச்சுன்னா எந்தக் குப்பத்துப் படகும் உன் வாசல மிதிக்காது" என்றான். போகும்போது திரும்பி, "அவன் உன்ன அண்ணேன்னுதானே கூப்புட்டான்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

தனிஸ்லாஸ் சோறு தொடவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் அதை அவளிடம் நீட்டினான். "உங்க ஊருக்குள்ள போய்ப் பாத்துட்டு வா செல்வி. எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லு." இந்தத் தடவை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

சாரே துண்டை அறுத்துக் கொடுத்தார், சூடு ஏறாமல் தண்ணீர் விட்டு விட்டு. செல்வி தேய்த்தாள். எத்தனையோ துண்டு தேய்த்த கைதான். அன்றைக்குக் கீறல் போகவே மாட்டேன் என்றது. திரும்ப முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள். மாதாவே, அவர் கையில் தப்பு இருக்கக் கூடாது, வேறு எது வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று தேய்த்தாள்.

உள்ளே போனாள். முதலில் தெரிந்தது அவன் வேலை. ஒரு பூச்சு சுற்றி, ஒரு பூச்சு நீளமாக. மணிகள் எழும்பி, அடுத்த பூச்சில் திசை மாறி நின்று, மறுபடி எழும்பி. அழகான வேலை. மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். முறிந்த விளிம்புக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் வயல் இல்லை, வரப்பு இல்லை. கறுத்து, ஊசி ஊசியாகக் குவிந்து கிடந்தது. நடுவில் முடி போல ஒரு வெடிப்பு. இத்தனை வருஷத்தில் அவள் அந்த ஊரில் பயந்தது அப்போதுதான்.

சார் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பூச்சுல கொறையே இல்லம்மா. இந்த எடம் மட்டும் வெடுக்குனு ஆறியிருக்கு. சூடா இருக்கிறப்ப யாரோ தண்ணி காட்டியிருக்காங்க. அங்க வெடிப்பு விட்டு, கடல்ல கொஞ்சம் கொஞ்சமா எறங்கி, கடைசில முறிஞ்சிருக்கு" என்றார்.

தேய்த்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். மனசு துள்ளியது. அவர் தப்பில்லை! அவர் கை சுத்தம்! இதை ஊருக்கு நடுவில் சொல்வாள், சாரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லச் சொல்வாள், ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது. சந்தோஷத்தில் பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்துக்கூட விட்டாள்.

பிள்ளைச்சாவடியில் பஸ் நின்றது. ரோட்டோரத்தில் குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மீன்கூடை வெறுமனே கிடந்தது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், கண்டக்டர் "வர்றியாம்மா?" என்று கூப்பிட்டார். அவள் தலையைத் திருப்பக்கூட இல்லை. வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பாவி, இதை நான் எப்படி மறந்தேன் என்று கைக்குட்டை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள் செல்வி. தண்ணி காட்டிய யாரோ, இதோ இருக்கிறாள். புருஷனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இந்தப் பொம்பளையிடம்தான் போய்ச் சொல்ல வேண்டும், உன் பிள்ளையை நீயே கொன்றாய் என்று. சொல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். முத்தியால்பேட்டை வருகிறவரை அவளுக்கு எந்த வயலும் தெரியவில்லை, கனவும் வரவில்லை.

தனிஸ்லாஸ் பட்டறையில்தான் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க தப்பிச்சிட்டீங்க. ஆனா அந்தம்மாகிட்ட எப்பிடிங்க இத சொல்றது? எனக்கு வாய் வராதுங்க" என்று அழுதாள்.

அவன் எழுந்து போய் லேத்தின்மேல் கையை வைத்தான். "டர்னிங் ஓட்டறப்ப அந்த எடத்துல டூல் கிறீச்சுன்னு கத்திச்சு செல்வி" என்றான்.

"என்னா சொல்றீங்க?"

"முனை மழுங்கிப் போச்சு. இரும்பு அங்க கல்லாட்டம் கெட்டியாயிருக்குன்னு என் கைக்குத் தெரிஞ்சிது. மறுபடியும் சூடு காட்டி நெதானமா ஆற வச்சிருக்கணும். பக்கிரி பக்கத்துல நின்னு, கடல் நல்லாருக்கு நாளைக்கே எறங்கணும்னு பறந்தான். நானும் டூல தீட்டி மாட்டி ஓட்டிக் குடுத்துட்டேன்."

செல்விக்கு அழுகை நின்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுகிட்டேதான் என்ன அனுப்புனீங்களா? நான் அங்க மாதாவ வேண்டிக்கிட்டே தேச்சிக்கிட்டிருந்தேனே!"

"வேற எதனா இருக்காதான்னு ஒரு ஆசதான்" என்றான் அவன். முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்தம்மா தெரியாம ஊத்திச்சு. நான் தெரிஞ்சு வுட்டேன். ரெண்டும் ஒண்ணா?"

அவள் துண்டைத் திரும்பக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு அவள்மேல் பட்ட அவன் கை ஜில்லென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடிப் பந்தலில் ஊர் கூடியது. தனிஸ்லாஸ் நடுவில் நின்றான். செல்வி பெண்கள் பக்கம் நின்றாள். தேய்த்த துண்டு அவள் கைக்குள் இருந்தது.

"வேல என்னுது. லேத்துல ஓட்டறப்பவே இரும்பு சரியில்லன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் குடுத்தேன். தப்பு என்னுது" என்றான்.

பந்தல் இரைந்தது. பஞ்சாயத்துக்காரர் கன்னியப்பன் கையமர்த்தினார். "நீ நல்லா செய்யிற ஆளு. எங்க படகெல்லாம் உன் வேலையிலதான் ஓடுது. இது ஒண்ணு மட்டும் எப்பிடிக் கெட்டுது?"

மஞ்சள்தண்ணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனிஸ்லாஸ் தலையைக் குனிந்தபடி, "ஆற வச்சதுல தப்பாப் போச்சுங்க. அத நான்தான் கவனிச்சிருக்கணும்" என்றான்.

அவ்வளவுதான், முடிவு சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு படகுக்காரனும் அவன் பட்டறைக்கு வரவில்லை; வீட்டுக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடித்துத்தான் அவன் மிச்சக் காலத்தை ஓட்டினான். அது பின்னால் நடந்தது. அன்றைக்குப் பந்தலில், கூட்டம் கலைகிறபோது, குஞ்சம்மாள் எழுந்து வந்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் முகத்தில் வீசினாள். "எம்புள்ளைய முழுங்கிட்டியேடா!" என்று அவன் நெஞ்சில் குத்தினாள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. குத்திக் குத்தி ஓய்ந்து, செல்வியைப் பார்த்தாள். வந்து அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லுடி பொண்ணே. நீயும் அங்கதானே நின்ன. நான் எதனா கொற வச்சேனா? மனசாரத்தானே ஊத்துனேன்? பின்ன ஏன் ஆத்தா எம்புள்ளைய வுட்டுட்டா?"

செல்வியின் கைக்குள் அந்தத் துண்டின் முனை குத்தியது. அவள் விரலை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பாத்தேம்மா. நானும் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டுதான் நின்னேன். ஒரு கொறையும் வைக்கலம்மா, மனசாரத்தான் ஊத்துனீங்க" என்றாள்.